பேய்க்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுகிறவர்

மனிதர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்பதால் நாமே வைத்துவிடுவோம்: ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்தவர். பெயர் கொஞ்சம் நீளம்தான். என்ன செய்வது, ஆளும் அப்படித்தான், எதையும் நீட்டி முழக்கித்தான் சொல்வார்.

இவரை எங்கே பார்க்கலாம்? நாலு பேர் கூடிப் பேய் விளையாட்டு ஆடுகிற எந்த வீட்டிலும் பார்க்கலாம். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கி, டிவியில் ஒரு பாழடைந்த மாளிகையை ஓடவிட்டு, திரையை நாலு கட்டமாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்டம், ஆளுக்கொரு கன்ட்ரோலர் என்று உட்கார்ந்து, ஒருத்தருக்குக் கிடைத்த துப்பை இன்னொருத்தருக்குக் கத்திச் சொல்லி, பூட்டைத் திறந்து, புதிரை அவிழ்த்து, பேய் வந்து கழுத்தைப் பிடிப்பதற்குள் நாலு பேரும் ஒன்றாக வெளியே வரவேண்டிய அந்த விளையாட்டில், மூன்று பேர் முழி பிதுங்கி நிற்பார்கள். நாலாவது ஆள் மட்டும் தொண்டையைச் செருமுவார்.

"ஒரு நிமிஷம். எனக்கு என்னமோ தோணுது."

ஒன்றும் தோன்றியிருக்காது. வேறு யாரோ அதே விளையாட்டை ஆடிக்காட்டிய வீடியோவை முந்தின நாளே முதலிலிருந்து முடிவுவரை பார்த்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

இந்த ரகத்துக்குச் சொந்தபந்தம் அதிகம். துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, ஐம்பதாம் பக்கத்தில் "எனக்கு அந்தத் தோட்டக்காரன் மேலதான் சந்தேகம்" என்று புருவத்தை உயர்த்துகிறவர் இவருக்குப் பெரியப்பா முறை. ஹோட்டலுக்குப் போவதற்கு முந்தின நாளே விலைப்பட்டியலைப் போனில் பார்த்து முடிவு செய்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்ததும் தாடையைத் தடவித் தடவி யோசிக்கிறவர் சித்தப்பா. பரிசுப் பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்து எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் பிரிக்கும்போது "அய்யோ, நான் எதிர்பார்க்கவே இல்ல!" என்று கன்னத்தில் கை வைக்கிறவர் அத்தை. நல்ல குடும்பம். யாரும் கெட்டவர்கள் இல்லை. திடுக்கிடுவது மட்டும் இவர்களுக்கு ஆகாது.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வயது, தடித்த மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி அடித்தால் அக்கா வீட்டுக் கூடத்தில் ஆஜர். அக்கா பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள், பேயையே "இன்னும் நல்லாத் திற" என்று சொல்லக்கூடியவள். அக்கா புருஷன், அதாவது மாமா, டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். புதிதாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டு சோபாவில் இருந்தாலும் அவர் வலது கால் பிரேக்கைத் தேடும். நாலாவது ஆள் குண்டூசி. மெக்கானிக்கோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள், இப்போது பார்சல் ஆபீஸ் கவுன்டரில் இருக்கிறாள். ஒல்லி. பேச்சு குறைவு. பேசினால் குத்தும். பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சோபாவில் நடு இடம் மெக்கானிக்குக்கு. இரண்டு வருஷமாக அதுதான் ஏற்பாடு. யாரும் எழுதி வைக்கவில்லை, புதிரை அவிழ்க்கிறவர் நடுவில் உட்கார்ந்தால்தானே மற்றவர்கள் இரண்டு பக்கமும் இருந்து "அடுத்து என்ன?" என்று கேட்க வசதி?

அந்த "அடுத்து என்ன?"வுக்காகத்தான் மனுஷன் இத்தனை பாடும் பட்டார். யோசித்துப் பாருங்கள். லிஃப்ட் ஓடுகிறவரை மெக்கானிக் என்று ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. நின்றால்தான் போன் வரும். அந்தப் போனில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு நின்று திட்டு வாங்குகிறவரை, ஏழாவது நாள் மூன்று பேர் முகத்தைப் பார்த்து யோசனை கேட்கிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மனசு வருமா? உங்களுக்கு வருமா? அதிலும் கேட்கிற மூன்று பேரில் ஒருத்தி குண்டூசியாக இருந்தால்?

இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர் டெஸ்டரிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்குப் பேய் என்றால் பயம்.

குழிக்குள் என்ன இருக்கிறது என்று விளக்கடித்துப் பார்க்காமல் காலை வைக்காதே என்பது அவர் தொழிலில் முதல் பாடம். அதையே பேய்க்கும் செய்தார். சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில், மோட்டார் மேல் போனைச் சாய்த்து வைத்து, பத்து மாடி உயரத்தில் வெயில் கொளுத்த, பேய் எந்த அலமாரியிலிருந்து எந்த நொடியில் குதிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

மறுநாள் நடிப்பு. அதில் அவர் கைதேர்ந்தவர். பரீட்சையில் பார்த்து எழுதுகிற கத்துக்குட்டிதான் எல்லா விடையையும் சரியாக எழுதி மாட்டிக்கொள்வான். பழம் தின்று கொட்டை போட்டவன் வேண்டுமென்றே இரண்டைத் தப்பாக எழுதுவான். நம் மெக்கானிக்கும் முதலில் ஒரு தப்பான கதவைத் தட்டுவார். "சே, இது இல்ல போல" என்று உதட்டைப் பிதுக்குவார். பிறகு தலையைச் சொறிவார். பிறகு, "சும்மா ஒரு யூகம்தான், அந்தப் பியானோவை யாராவது தொட்டுப் பார்த்தீங்களா?" என்பார். பியானோ திறந்துகொள்ளும். "எப்படிடா?" என்பாள் அக்கா. "ஒரு தடவை ஒரு வீட்டுல பியானோ ரிப்பேர் பார்த்திருக்கேன்" என்பார். லிஃப்ட் மெக்கானிக்கிடம் பியானோவை யார் கொடுத்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

ஒரே ஒரு முறை சறுக்கியது. பூட்டு கண்ணுக்குப் படுவதற்கு முன்பே, "ஏழு ரெண்டு ரெண்டு ஒன்பது" என்று எண்ணைச் சொல்லிவிட்டார்.

"எதுக்கு மாப்ள?" என்று கேட்டார் மாமா.

"பூட்டுக்கு."

"எந்தப் பூட்டு?"

"வரும் மாமா. இந்த மாதிரி வீட்டுல பூட்டு இல்லாம இருக்குமா?"

வந்தது. திறந்தது. குண்டூசி மட்டும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

பேய்க்கு என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் மூக்குக்கண்ணாடி. பேய் குதிப்பதற்குச் சரியாக மூன்று நொடி முன்பு, என்னவோ தூசி பட்டதுபோல் அதைக் கழற்றி, சட்டை நுனியால் நிதானமாகத் துடைப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பேயும் பீரோவும் ஒன்றுதான். துடைத்து மாட்டுவதற்குள் பேய் வந்து போயிருக்கும். "அட, இதுக்கா பயந்தீங்க?" என்று ஒரு சிரிப்பு. மற்ற மூன்று பேரும்கூட அப்படி ஒன்றும் பெரிதாகப் பயப்படுவதில்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். தன் தைரியம் இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கப்பலில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டூசி ஓட்டை போட்டாள்.

"அடுத்த வாரம் புது கேம். முன்பதிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குத்தான் வெளியாகுது. நாம ஆடும்போதுதான் உலகமே ஆடும்."

"அப்ப யாருக்குமே எதுவும் தெரியாதா?" என்றார் மெக்கானிக். குரல் ஒரு மாடி இறங்கியிருந்தது.

"தெரியாது. நல்லா இருக்கும் இல்ல?"

"ரொம்ப."

அந்த வாரம் அவர் தேடாத இடமில்லை. கிடைத்தது நாற்பது நொடி விளம்பரம் ஒன்றுதான். அதை இருபத்தாறு தடவை பார்த்தார். ஒரு பழைய ஹோட்டல், ஆறு மாடி, தானாக மூடுகிற ஒரு கதவு. இதை வைத்துக்கொண்டு என்ன யூகிப்பது? இரண்டு வருஷமாக நடுவில் உட்கார்ந்தவர், மூன்றே நொடியில் முட்டாள் என்று தெரிந்துபோனால் பிறகு எந்த ஓரத்தில் உட்காருவது? ஜுரம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் குண்டூசி வருவாளே.

போனார். போர்வை கட்டியாயிற்று. விளையாட்டின் கதைப்படி, ஹோட்டலின் மேனேஜர் செத்து அறுபது வருஷம் ஆகியும் வேலையை விடவில்லை. வந்தவர்களை வெளியே விடுவதாக இல்லை. வாசல் சாவி எங்கேயோ தொங்குகிறது. கண்டுபிடித்துத் திறந்தால் நாலு பேரும் தப்பலாம். மாமா வரவேற்பு மேஜையில் இருந்த மணியைத் தட்டினார்.

மேஜைக்குப் பின்னாலிருந்து மேனேஜர் எழுந்தார். முகத்தில் மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் எல்லாம் ஒன்றாக நடந்தது. பேயையே வாயைத் திறக்கச் சொல்லக்கூடிய அக்கா தன் வாயை முழுசாகத் திறந்தாள், உள்நாக்கு தெரிந்தது. மாமா பிரேக்கை மிதித்தார்; பிரேக் இருக்கவேண்டிய இடத்தில் டீப்பாய் இருந்தது, டீயும் பிஸ்கட்டும் பறந்தன. மெக்கானிக் கண்ணாடியோடு, கண் திறந்தபடி, எல்லாவற்றையும் தெள்ளத்தெளிவாகப் பார்த்தார்.

"ஏன்டா கண்ணாடியைக் கழட்டல?" என்று கத்தினாள் அக்கா.

டீ மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணாடியா?" என்றார் மெக்கானிக்.

"அவ சும்மா சொல்றா மாப்ள," என்றார் மாமா, அவசரமாக.

"சும்மா என்ன சும்மா! அவன் கழட்டினா நான் கண்ணை மூடிக்குவேன், நீங்க டீயைக் கீழ வைப்பீங்க. இன்னிக்கு டீ எங்க இருக்கு பாருங்க!"

மெக்கானிக் மெதுவாகத் திரும்பி குண்டூசியைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா?"

"டேய், ஒரு நாளைக்கு முந்நூறு பார்சல் என் கையில மாறுது. பிரிச்சுப் பார்த்துட்டுத் திரும்ப ஒட்டினது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லல?"

குண்டூசி குனிந்து, நகர்ந்துபோன டீப்பாயை இழுத்து நேராக வைத்தாள். அக்காதான் துணியால் டீயைத் துடைத்துக்கொண்டே, "சொன்னா நீ வரமாட்ட" என்றாள்.

மெக்கானிக் எழுந்தார். "ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்கு, போகணும்" என்றார். போன் அடிக்கவே இல்லை. அது மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"உக்காரு," என்றாள் குண்டூசி. "நாலு பேரும் இருந்தாத்தான் வெளிய போக முடியும். ஒருத்தர் போனா எல்லாரும் காலி."

அவள் விளையாட்டின் விதியைத்தான் சொன்னாள். ஆனாலும் உட்கார்ந்தார். நடுவில் இல்லை, ஓரத்தில்.

அடுத்த ஒரு மணி நேரம் யாரும் அவரை "அடுத்து என்ன?" என்று கேட்கவில்லை. அவரும் தொண்டையைச் செருமவில்லை. மேனேஜர் நாலு பேரையும் முறைவைத்துப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் மூன்று பேர் கண்ணும் பழக்க தோஷத்தில் மெக்கானிக்கின் மூக்குக்குப் போய், ஏமாந்து திரும்பியது.

அந்த ஹோட்டலில் ஒரு கம்பிக் கதவு லிஃப்ட் இருந்தது. அதில் ஏறும்போதெல்லாம் சுவர்ப் பக்கமாகக் கறுப்பாக ஏதோ ஒன்று கடகடவென்று எதிர்த்திசையில் போனது. அதன் நடுவில் ஏதோ மின்னியது.

"சுவத்துக்குள்ள இன்னொரு பேய் வெச்சிருக்கானுங்க," என்றாள் அக்கா. "நாம மேல போனா அது கீழ போகுது."

"அது பேய் இல்லக்கா. கவுன்டர் வெயிட்."

சொன்னவர் மெக்கானிக். சொன்ன பிறகுதான் தான் பேசியதே அவருக்குத் தெரிந்தது.

"கம்பிக் கயித்துல ஒரு பக்கம் லிஃப்ட் பெட்டி, இன்னொரு பக்கம் இரும்புப் பாரம். பெட்டி மேல போனா பாரம் கீழ வரும். மின்னுறது சாவி, அந்தப் பாரத்துல மாட்டியிருக்கு. பெட்டி ஆறாவது மாடியில நின்னா, சாவி தானா கீழ் தளத்துக்கு வந்துடும். கீழ ரெண்டு பேர் நின்னு எடுத்துக்கலாம்."

"பெட்டியை மேல யார் நிறுத்தி வைக்கிறது?" என்று கேட்டார் மாமா.

"ரெண்டு பேர் போகணும். ஒருத்தர் பட்டனை விடாம அழுத்தணும், ஒருத்தர் கதவைப் பிடிக்கணும்."

ஆறாவது மாடி மேனேஜரின் அறை.

"நான் போறேன்," என்றார் மெக்கானிக்.

"நானும்," என்றாள் குண்டூசி.

பெட்டி ஏறியது. இரண்டு. மூன்று. அவர் கை கண்ணாடிக்குப் போனது, திரும்பியது. எப்போது கழற்றுவது? அதுதான் தெரியாதே. நாலு. ஐந்து. வாழ்க்கையில் முதல் முறையாக, விளக்கடித்துப் பார்க்காத குழிக்குள் காலை வைத்திருந்தார்.

"கண்ணாடி மூக்கு மேலயே இருக்கட்டும்," என்றாள் குண்டூசி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இடதுபக்கம் யார் பார்ப்பா?"

ஆறு. கதவு திறந்தது. நீண்ட தாழ்வாரம், காலி. கீழ்க் கட்டத்தில் அக்கா, "வந்துடுச்சு! சாவி! அய்யோ, எட்டல!" என்று துள்ளினாள். "மெதுவா, மெதுவா, அவசரப்படாத, கிளட்ச்சை விடு," என்றார் மாமா. தாழ்வாரம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. பெட்டியின் பின்சுவரில் பதித்திருந்த நிலைக்கண்ணாடியில் மட்டும், இரண்டு பேர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று பேர் தெரிந்தார்கள்.

மெக்கானிக் பார்த்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வந்தபோது எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. ஆனால் பட்டனிலிருந்து விரல் எடுக்கவில்லை. மேனேஜர் கழுத்தைப் பிடித்தும் எடுக்கவில்லை. "எடுத்துட்டேன்!" என்று அக்கா கத்தின பிறகுதான் எடுத்தார். எப்படி உதறினார்கள், எப்படிப் பெட்டி இறங்கியது, எப்படி நாலு பேரும் வாசலுக்கு ஓடினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கதவு திறந்தது. திரையில் விடிந்தது.

மாமா கை தட்டினார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே தம்பியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நிஜத்தைச் சொல்லு. இதையும் எங்கயோ பார்த்துட்டுதானே வந்த?"

"சத்தியமா இல்லக்கா! லிஃப்ட் எப்படி ஓடும்னு எனக்குத் தெரியாதா? அதுதானே என் வேலை."

"பியானோவும் உன் வேலைன்னுதான் சொன்ன மாப்ள," என்றார் மாமா.

பாருங்கள் கொடுமையை. இரண்டு வருஷம் பொய் சொன்னபோது நல்ல விலைக்குப் போனது. ஒரே ஒரு நிஜத்தைக் கொண்டுவந்தால் வாங்க ஆள் இல்லை. மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை உண்மையாகவே துடைக்கவேண்டியிருந்தது.

"அவன் பார்க்கலக்கா," என்றாள் குண்டூசி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் பேய்க்கு மூணு செகண்ட் முன்னாடி கழட்டுவான். இன்னிக்குப் பேய் வந்து மூணு செகண்ட் கழிச்சுத்தான் கத்தினான். நான் எண்ணினேன்." பிஸ்கட் தட்டில் மிச்சமிருந்ததை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "இன்னிக்கு இவன் பிரிக்காத பார்சல்."

அப்பீல் இல்லாத தீர்ப்பு அது. அக்கா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டவள் போர்வையை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டாள்: "அடுத்த வாரம் இதே கேமோட ரெண்டாவது பாகம் ஆடணும். அதுக்குள்ள வீடியோ வந்துடும் இல்ல?"

"வந்துடும்."

"பார்த்துட்டு வந்துடு."

"என்னக்கா?"

"புதிர் எதையும் சொல்லாத. கண்ணாடியை மட்டும் நேரத்துக்குக் கழட்டு. என்னால இப்படித் தினுசு தினுசா அலற முடியாது."

"டீப்பாயும் தாங்காது மாப்ள," என்றார் மாமா, முழங்காலைத் தடவிக்கொண்டு.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த குண்டூசி நிமிரவில்லை. "பார்த்துட்டு வா. ஆனா ஒரே ஒரு பேயை மட்டும் பார்க்காம விட்டுட்டு வா," என்றாள். "அது நமக்கு."

அடுத்த சனிக்கிழமை மோட்டார் அறையில், பதினாலாவது நிமிஷத்தில் பாட்டுச் சத்தம் மெல்ல அடங்கி, ஒரு கதவு கிறீச்சிட ஆரம்பித்தபோது, நம் மெக்கானிக் போனைக் கவிழ்த்து வைத்தார். கை பரபரத்தது. எடுக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய பேயாகப் பார்த்துத்தான் விட்டுவைத்திருந்தார்.

சரி, அவர் கதை அப்படி. உங்கள் கதை என்ன? இதைக் கையில் எடுத்ததும், எங்கே முடிகிறது, என்ன ஆகிறது என்று கடைசிப் பத்திக்கு ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனீர்களா இல்லையா? வந்திருந்தால், வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஒன்றும் தெரியாததுபோல் மேலே போய் முதல் வரியிலிருந்து ஆரம்பியுங்கள்; பாதியில் எங்கேயாவது, "ஒரு நிமிஷம், எனக்கு என்னமோ தோணுது" என்று சொல்லி வையுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. பக்கத்தில் இருப்பவர் எண்ணிக்கொண்டிருப்பார்.